கூகுள் தேடலில் நம் தளம்: வரவைப்பதும் வராமல் வைப்பதும்

தமிழில் சிறு தளங்கள் நடத்தும் நண்பர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். சமையல் குறிப்பு, ஊர் வரலாறு, பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், துணிக்கடை, சிற்றிதழ் என்று எல்லா வகைத் தளங்களும் உண்டு. ஆனால் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். பாதிப் பேர் "கூகுளில் வரவே மாட்டேன் என்கிறது" என்று வருகிறார்கள். மீதிப் பேர் "இது எப்படி கூகுளில் வந்தது, உடனே எடுக்க வேண்டும்" என்று பதறிப்போய் வருகிறார்கள். அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கூகுளை வைத்தே பேசுகிறேன். நம் வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் தேடுவது அங்கேதான்.

ஒரு பக்கம் தேடலில் எப்படி வந்து சேர்கிறது?

மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் கூகுள்பாட் என்ற நிரல் உங்கள் பக்கத்துக்கு வந்து அதை எடுத்துச் செல்ல வேண்டும். அது பெரும்பாலும் வேறொரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்துத்தான் வரும். அடுத்து, எடுத்துச் சென்றதைப் படித்துப் பார்த்துத் தன் அட்டவணையில் சேர்க்க வேண்டும். புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதுபோல ஒன்று, ஆனால் பிரம்மாண்டமானது. மூன்றாவதாக, யாராவது ஏதாவது தேடும்போது அந்த அட்டவணையில் இருப்பவற்றை வரிசைப்படுத்த வேண்டும்.

"என் தளம் வரவில்லை" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் மூன்றாவது படியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை சிறு தளங்களின் சிக்கல் முதல் இரண்டு படிகளிலேயே இருக்கிறது. அட்டவணைக்குள் போகாத பக்கத்துக்கு எந்த வரிசையிலும் இடமில்லை.

தளம் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. தளத்தின் பெயரைத் தேடினால்கூட வரவில்லை. எங்கே பார்ப்பது?

கூகுளின் சர்ச் கன்சோலில் பாருங்கள். இலவசம்தான். 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்தது. தளம் உங்களுடையது என்று அதில் நிரூபித்துவிட்டால், எந்தப் பக்கத்தின் முகவரியையும் கொடுத்து அது அட்டவணையில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம். தளம் தொடங்கும் அன்றே இதைச் செய்துவிடுங்கள். தேடல் எண்ணிக்கைகளை அது 16 மாதங்கள் வரை வைத்திருக்கும். நாளைக்கு ஏதாவது சரிவு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கு வேண்டுமே!

வேர்ட்பிரஸ் தளமென்றால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியின் அடியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு பெட்டி இருக்கும். தளத்தைக் கட்டும்போது வடிவமைப்பாளர் அதை டிக் செய்திருப்பார். தளத்தைத் திறந்து, விழா எடுத்து, எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகும் அந்த டிக் அப்படியே கிடக்கும். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து, அந்தப் பெட்டி ஒவ்வொரு பக்கத்திலும் நோஇண்டெக்ஸ் என்ற குறியை வைக்கிறது. அதாவது, 'என்னைச் சேர்க்காதே' என்று நம் தளமே சொல்லிக்கொண்டிருக்கும். பிளாகரிலும் தேடுபொறிகளுக்குத் தெரியலாமா என்ற பொத்தான் அமைப்புகளில் இருக்கிறது.

"கண்டறியப்பட்டது, ஆனால் அட்டவணையில் இல்லை" என்கிறது சர்ச் கன்சோல். என்ன அர்த்தம்?

'அட்டவணையில் இல்லை' என்பதில் இரண்டு விதம் உண்டு. முகவரி தெரியும், இன்னும் வந்து எடுக்கவில்லை என்பது ஒன்று. வந்து எடுத்துப் படித்தேன், இப்போதைக்குச் சேர்க்கவில்லை என்பது இன்னொன்று.

முதலாவது என்றால் பொறுத்திருக்கலாம். கூடவே, அந்தப் பக்கத்துக்கு உங்கள் முகப்பிலிருந்தோ மற்ற கட்டுரைகளிலிருந்தோ இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கிருந்தும் இணைப்பில்லாத பக்கம் தனித்தீவு. இரண்டாவது என்றால் பக்கத்தை ஒரு வாசகராகத் திறந்து பார்க்க வேண்டும். நாலு வரிகள்தான் இருக்கின்றனவா? வேறு இடத்தில் வந்ததையே எடுத்துப் போட்டிருக்கிறோமா? ஒரே படத்தை வைத்துவிட்டு எழுத்தே இல்லாமல் விட்டிருக்கிறோமா? கவிதைத் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். அழகான படத்தின் மேல் கவிதையை எழுதி, படமாகவே பதிவேற்றியிருப்பார்கள். கவிதையை எழுத்தாகவும் கீழே கொடுத்துவிடுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் அப்போதுதான் அதைப் படிக்க முடியும். எனக்கு அதுவே முதல் காரணம்.

சைட்மேப் கொடுத்தால் எல்லாப் பக்கமும் வந்துவிடுமா?

வராது. இவையெல்லாம் என் பக்கங்கள் என்று கொடுக்கும் பட்டியல், அவ்வளவுதான். ஆனாலும் கொடுங்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம் என்பதால் நமக்கு ஒன்றே போதும். வேர்ட்பிரஸ் 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து தானாகவே உருவாக்கித் தருகிறது.

எங்கள் தளம் 2002-ல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தேடலில் வருவதில்லையே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். அந்தக் கட்டுரைகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று பாருங்கள். பாமினி, டாப், டாம், திஸ்கி என்று ஏதாவது ஒன்றாக இருக்கும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்து என்று நாம் பார்த்தது ஒரு முகமூடி. பாமினியில் "தமிழ்" என்று தட்டினால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி எழுத்துரு அந்த ஐந்தின் மேலும் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். மனிதக் கண்ணுக்குத் தமிழ். கூகுளுக்கு அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பை. யாரும் அந்தக் குப்பையைத் தட்டித் தேடப் போவதில்லை. ஈழத்துப் புலம்பெயர் இதழ்கள் பலவும், தமிழ்நாட்டின் தொடக்ககால இணைய இதழ்களும் இப்படித்தான் மறைந்து கிடக்கின்றன. அழியவில்லை, ஆனால் யாருக்கும் கிடைக்கவில்லை.

தமிழுக்கு யூனிகோடில் இடம் 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே உண்டு. ஆனால் கணினிகளும் இயங்குதளங்களும் ஒத்துழைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில்கூடப் பரிந்துரைக்கப்பட்டவை டாம், டாப் குறியீடுகளே. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல்தான். எனவே 2002-ல் நீங்கள் பாமினியில் போட்டது உங்கள் தவறே அல்ல.

செய்ய வேண்டியது மாற்றம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இந்தப் பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும். மாற்றியதும் அப்படியே பதிவேற்றிவிடாதீர்கள். ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். முக்கியமாக ஔகாரம். "ஔவையார்" என்பதை ஔ என்ற ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். ஆனால் பழைய உரையில் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு "ஒளவையார்" என்று இருக்கும். "கௌரி"யும் "கெளரி"யும் அப்படித்தான். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். உங்கள் தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டிக்கு இந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளத் தெரியாது.

பழைய கட்டுரையின் முகவரியை மட்டும் மாற்றாதீர்கள். அதே முகவரியில் புதிய எழுத்தை வையுங்கள். இருபது ஆண்டுகளாக யாராரோ கொடுத்த இணைப்புகள் அந்த முகவரியில்தான் வந்து முட்டுகின்றன.

இதழ்களை பிடிஎஃப் ஆகப் போட்டிருக்கிறோம். அது போதாதா?

பிடிஎஃப் கோப்புகளையும் கூகுள் படிக்கும், தேடலிலும் காட்டும். ஆனால் அந்த பிடிஎஃப் எப்படி உருவானது என்பதுதான் கேள்வி. பழைய எழுத்துருவில் பக்கம் வடிவமைத்து, அதிலிருந்து பிடிஎஃப் எடுத்திருந்தால் மேலே சொன்ன அதே குப்பைதான் உள்ளே இருக்கும். சோதிக்க எளிய வழி: பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. கோணல் மாணலாக வந்தால் கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும். ஸ்கேன் செய்த படங்களாக இருந்தால் எழுத்துணரி மூலம் எழுத்தைப் பிரித்தெடுத்து, குறைந்தது ஒவ்வொரு இதழின் பொருளடக்கத்தையாவது தனிப் பக்கமாகத் தட்டச்சிட்டுப் போடுங்கள். எழுதியவரின் பெயரைத் தேடி வருகிறவர் அந்தப் பொருளடக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா, ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டுமா?

கூகுளுக்கு இரண்டும் சரிதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும். பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்துகளாக விரியும். ஆக, ஒரு குறிக்கு ஒன்பது எழுத்துகள். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள் இருப்பதால் முகவரியில் அது 45 எழுத்துகளைப் பிடிக்கும். "வத்தக்குழம்பு" 117.

வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் பெயருக்கு ஒதுக்கும் இடம் 200. எனவே "வத்தக்குழம்பு செய்வது எப்படி" என்று தலைப்பு வைத்து, முகவரியை அதன் போக்கில் விட்டால், எப்படி என்ற சொல்லின் நடுவிலேயே வெட்டிவிடும். இதே தொடக்கத்தோடு இன்னொரு குறிப்பு எழுதினால், அதன் கடைசியில் 2 என்று ஒட்டும். பார்க்க அசிங்கம், நினைவில் நிற்காது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதித் திரையை அடைக்கும். என் பரிந்துரை: முகவரியைக் கையால் திருத்தி ஒன்றிரண்டு சொற்களாக வையுங்கள். தமிழிலோ ஆங்கில எழுத்திலோ, உங்கள் விருப்பம். ஒருமுறை வைத்த பிறகு தொடாதீர்கள்.

மக்கள் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று அப்படியே வரும். உட்கார்ந்து படியுங்கள். நாம் "வற்றல் குழம்பு" என்று இலக்கணமாக எழுதியிருப்போம். தேடுகிறவர் "வத்தக்குழம்பு" என்று தட்டியிருப்பார். நாம் பாசிப்பயறு என்போம், அவர் பச்சைப்பயறு என்பார். பேருந்து என்று நாம் எழுத, பஸ் என்று அவர் தேடுவார். இன்னொரு பெருங்கூட்டம் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறது.

இதற்காகப் பக்கம் முழுவதும் எல்லா எழுத்துக்கூட்டலையும் வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள் சிலர். வேண்டாம். படிக்கிறவருக்கு எரிச்சல், கூகுளும் அதை எரிதமாகவே (ஸ்பேம்) பார்க்கிறது. முதல் பத்தியிலேயே "வற்றல் குழம்பு, பேச்சில் வத்தக்குழம்பு" என்று இயல்பாகச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. வேற்றுமை உருபு ஏறிய வடிவம், சந்தி மிகுந்த வடிவம் பற்றியெல்லாம் கவலை வேண்டாம். தலைப்பில் மட்டும் மூலச்சொல் இருப்பதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரை வரலாறு என்ற கட்டுரைக்கு "தூங்கா நகரம்" என்று மட்டும் தலைப்பு வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் தேடி வருகிறவருக்கு அது மதுரை என்று தெரிய வேண்டுமல்லவா. "தூங்கா நகரம்: மதுரையின் வரலாறு" என்று வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

திறவுச்சொல் குறிச்சொல்லை (மெட்டா கீவேர்ட்ஸ்) நிரப்பச் சொல்கிறார்களே?

கூகுள் அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. விட்டுவிடுங்கள். சுருக்க விவரக் குறிச்சொல் (மெட்டா டிஸ்கிரிப்ஷன்) மட்டும் எழுதலாம். அது வரிசையை மாற்றாது; ஆனால் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியாக அது காட்டப்படலாம், அதைப் பார்த்துத்தான் மக்கள் சொடுக்குகிறார்கள்.

ஒரு பக்கம் கூகுளில் வரக்கூடாது. ரோபோட்ஸ் கோப்பில் தடுத்தும் வருகிறதே?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரோபோட்ஸ் கோப்பு என்பது தளத்தின் வேரில் வைக்கும் சிறு உரைக்கோப்பு. மார்ட்டின் கோஸ்டர் 1994-ல் முன்வைத்த ஏற்பாடு. 2022-ல்தான் முறையான இணையத் தரமானது. "இந்த அடைவுக்குள் வராதே" என்று அதில் எழுதினால் கூகுள்பாட் வராது. அவ்வளவுதான் அதன் வேலை. அட்டவணையில் சேர்க்காதே என்று அது சொல்லவில்லை. வேறு யாராவது அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், கூகுள் உள்ளே வராமலேயே, வெளியில் கேள்விப்பட்டதை வைத்து முகவரியை மட்டும் தேடலில் காட்டலாம். விவரம் எதுவும் இல்லாமல் வெறும் தலைப்பாகத் தெரியும் அந்த முடிவுகள் இப்படி வந்தவையே.

வராமல் செய்ய நோஇண்டெக்ஸ் குறி வேண்டும். பக்க நிரலின் தலைப்பகுதியில் வைப்பது. பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்கு அதையே, சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் என்ற குறிப்பாக (ஹெடர்) வைக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்: நோஇண்டெக்ஸும் வைத்து, கூடுதல் பாதுகாப்பு என்று ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுவார்கள். தடுத்தால் கூகுள்பாட் உள்ளே வராது. வராவிட்டால் நோஇண்டெக்ஸ் என்ற குறியைப் படிக்காது. படிக்காவிட்டால் நீக்காது. எனவே நீக்க நினைக்கும் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும்; அது வந்து குறியைப் பார்த்துவிட்டுத் தானே எடுத்துவிடும். ரோபோட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதுவதும் பயன்படாது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை.

இன்னொன்று. ரோபோட்ஸ் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ரகசிய அடைவின் பெயரை அதில் எழுதுவது, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டுவதற்குச் சமம்.

எங்கள் சங்க உறுப்பினர்களின் தொலைபேசிப் பட்டியல் தேடலில் வருகிறது. எப்படி எடுப்பது?

இது எனக்கே நேர்ந்த அனுபவம். நான் உதவிய ஒரு சங்கத்தின் தளத்தில் உறுப்பினர் பட்டியலை எக்செல் கோப்பாகப் பதிவேற்றியிருந்தோம். மெனுவில் இணைப்பு வைக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று நம்பினோம். ஒரு நாள் ஓர் அம்மா அழைத்து, தன் பெயரைத் தேடினால் வீட்டு முகவரியோடு வருகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். பழைய அறிவிப்பு ஒன்றில் அந்தக் கோப்புக்கு இணைப்பு இருந்திருக்கிறது. அதை நான் பார்க்காமல் விட்டேன். அன்று முதல் இந்த விஷயத்தில் நான் கண்டிப்பு.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கோப்பை சர்வரிலிருந்து நீக்குங்கள், அல்லது கடவுச்சொல்லுக்குப் பின்னால் வையுங்கள். அப்புறம் சர்ச் கன்சோலில் அகற்றல் பகுதியில் அந்த முகவரியைக் கொடுங்கள்; பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தேடலிலிருந்து மறையும். ஆனால் அந்த மறைவு சுமார் ஆறு மாதங்களுக்குத்தான். மூலக்கோப்பு அப்படியே இருந்தால் திரும்பவும் வந்துவிடும். அதனால்தான் நீக்குவதை முதலில் சொன்னேன். பிங் தேடலிலும் இருக்கிறதா என்று பார்த்து அங்கும் இதேபோலச் செய்யுங்கள்.

தளம் உங்களுடையது இல்லையென்றால் வழி வேறு. உங்கள் தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவை தேடலில் வந்தால் அவற்றை நீக்கும்படி கூகுளிடம் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அது தேடலிலிருந்து மட்டும் எடுக்கும். அந்தத் தளத்தில் இருப்பதை எடுக்க அவர்களிடமே கேட்க வேண்டும்.

மாணவர் பட்டியல், நன்கொடையாளர் பட்டியல், ஆதார் நகல் எதையும் வெறும் இணைப்பு மறைவை நம்பிப் பதிவேற்றாதீர்கள். நோஇண்டெக்ஸ்கூட ஒரு வேண்டுகோள் மட்டுமே. நல்ல தேடுபொறிகள் மதிக்கும், மற்றவை மதிக்க வேண்டிய கட்டாயமில்லை. கடவுச்சொல் ஒன்றுதான் பூட்டு.

என் கட்டுரையை வேறொரு தளம் அப்படியே எடுத்துப் போட்டு எனக்கு மேலே வருகிறது. என்ன செய்யலாம்?

முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். பதிலில்லை என்றால் கூகுளின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். எழுதியது நீங்கள்தான் என்று காட்ட வெளியிட்ட தேதி உதவும்.

உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரே கட்டுரை இரண்டு முகவரிகளில் இருந்தால் அது வேறு விஷயம். அதற்காகத் தண்டனை எதுவும் கிடையாது. இவற்றில் இதுதான் மூலம் என்று கனானிகல் குறி வைத்துச் சொல்லலாம். 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. பிளாகரில் கைபேசிக்கென்று முகவரியின் கடைசியில் ஒட்டும் சிறு வாலைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் நிறைய. அதுவும் இந்த வகைதான், பயப்பட ஒன்றுமில்லை.

தளத்தைப் புதிய முகவரிக்கு மாற்றுகிறோம். இருக்கிற இடம் போய்விடுமா?

பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தால் அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடும் சோம்பேறித்தனம் மட்டும் கூடாது. திசைமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தால் எப்போதும் வைத்திருங்கள் என்பேன். முதல் சில வாரங்கள் எண்ணிக்கை ஏறி இறங்கும். அதைப் பார்த்து மறுபடி எதையும் மாற்ற வேண்டாம்.

பழைய முகவரியின் ஆண்டுச் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிற்றிதழ் அப்படி விட்டதும், யாரோ அந்தப் பெயரை வாங்கிச் சூதாட்ட விளம்பரத் தளமாக்கிவிட்டார்கள். பல்கலைக்கழகப் பக்கங்களிலிருந்தும் நூலகப் பட்டியல்களிலிருந்தும் அந்த இதழுக்குப் போன இணைப்புகள் எல்லாம் இன்று சூதாட்டத்தில் போய் முடிகின்றன. காலாவதியான பெயர்களை இப்படிச் சுரண்டுவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் எரிதக் கொள்கையில் சேர்த்தது. ஆனாலும் போன பெயர் போனதுதான்.

"ஒரே மாதத்தில் முதலிடம், உத்தரவாதம்" என்று தொலைபேசியில் அழைக்கிறார்களே?

அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அவர்களில் பலர் செய்வது இணைப்பு வாங்குவது. கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரினும் வகுத்த பேஜ்ரேங்க், ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை அதற்கு விழும் வாக்குகளாக எண்ணியது. அதிலிருந்துதான் இந்தச் சந்தை முளைத்தது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற கூகுளின் தரவரிசை மாற்றத்தில் காசு கொடுத்து இணைப்பு வாங்கிய தளங்கள் பல சரிந்தன. இன்றும் அது விதிமீறல்தான். கூகுளில் விளம்பரம் கொடுத்தால் சாதாரணத் தேடலில் மேலே வருவீர்கள் என்பதும் பொய். உங்களுக்கு வேண்டியது, உங்கள் துறையில் இருக்கும் நாலு நல்ல தளங்கள் உங்களைப் படித்து, மதித்து இணைப்புக் கொடுப்பது. அவர்களுக்கு நீங்கள் முதலில் கொடுங்கள்.

வேகம் முக்கியமா?

ஓரளவு. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் எதிர்வினை வர வேண்டும் என்பவை கூகுளின் அளவுகோல்களில் இரண்டு. கைபேசியில் எப்படித் தெரிகிறது என்பதையே கூகுள் கணக்கில் எடுக்கிறது. பெரிய படங்களைச் சுருக்குங்கள். ஐந்தாறு அலங்கார எழுத்துருக்களை ஏற்றாதீர்கள். நம் தளங்களில் தாமதத்துக்குப் பெரும்பாலும் இவையே காரணம்.

எனக்குத் துணிக்கடை. தளம் அவசியமா?

தளத்துக்கு முன் கூகுள் பிசினஸ் புரொஃபைலைப் பதிவு செய்யுங்கள். வரைபடத்தில் கடை வருவது அதனால்தான். திறக்கும் நேரம், விடுமுறை, கடையின் உண்மையான புகைப்படங்கள் சரியாக இருக்கட்டும். ஆடித் தள்ளுபடியின்போதும் தீபாவளிக்கு முன்னும் நேரம் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள். உறவினர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள்.

வருகை திடீரெனப் பாதியாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கை (விதிமீறலுக்காகக் கூகுள் ஆட்களே எடுப்பது), பாதுகாப்புச் சிக்கல் என்ற இரண்டு பகுதிகளையும் முதலில் திறந்து பாருங்கள். தளத்துக்குள் யாரோ புகுந்து ஆயிரக்கணக்கான ஜப்பானிய மொழிப் பக்கங்களை உருவாக்கியிருப்பது நம் தளங்களிலும் நடக்கிறது. சொந்தக்காரருக்குக் கடைசியில்தான் தெரியும். அங்கே ஒன்றுமில்லை என்றால் சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பொங்கல் கோலத் தளத்துக்கு பிப்ரவரியில் ஆள் வராதது சரிவு அல்ல. அதுவும் இல்லையென்றால் கூகுள் அந்த வாரம் பெரிய மாற்றம் எதையாவது அறிவித்ததா என்று பாருங்கள். அறிவித்திருந்தால், பதற்றத்தில் தளத்தைத் தலைகீழாகப் புரட்டாமல், எந்தப் பக்கங்கள் இறங்கின, அவற்றுக்கு மேலே இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். சில சமயம் அவர்கள் நம்மைவிட நன்றாகவே எழுதியிருப்பார்கள்.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் என் எழுத்தை எடுப்பதைத் தடுத்தால் கூகுள் தேடலிலிருந்தும் போய்விடுவேனா?

போக மாட்டீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்காக எழுத்தை எடுத்துச் செல்லும் ஜிபிடிபாட் என்ற நிரலை ரோபோட்ஸ் கோப்பில் தனியாகத் தடுக்கலாம். கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால் உங்கள் எழுத்தைக் கூகுளின் ஜெமினி செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சியளிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று பொருள். தேடலில் உங்கள் இடத்தை அது தொடாது. ஆனால் தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் ஏஐ சுருக்கம், 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது, தேடலின் ஒரு பகுதியாகவே இயங்குகிறது. அதற்குக் கூகுள்-எக்ஸ்டெண்டட் தடை பொருந்தாது. அதில் வராமலிருக்க வேண்டுமென்றால் நோஸ்னிப்பெட் குறி வைக்க வேண்டும். அப்போது சாதாரண முடிவிலும் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி போய்விடும். கவிதையும் கதையும் போடும் தளங்களுக்கு அந்த விலை பரவாயில்லை என்று சில நண்பர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். சமையல் தளம் நடத்தும் தோழி ஒருவர் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்.